வாய் மேல விரல்

"நாங்க பல்லு காட்ட வந்தமா, இல்ல டிராயிங் கிளாஸுக்கு வந்தமா? ஷிஃப்ட் முடிச்சி ஊட்டுக்குக்கூடப் போவாம நேரா வரேன். புள்ள வலின்னு அழுவுது, நீ இன்னாடான்னா கிரயான் டப்பாவ நீட்டிக்கினு கீற!"

பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்காருகிற வேலை இதுதான்: உள்ளே போகிறவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், வெளியே காத்திருக்கிறவர்கள் மூட மாட்டார்கள்.

கத்தியவர் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர். கத்தலை வாங்கியவள் நான். வீட்டுச் சமையலறையைத் தவிர எந்த ஆபீசிலும் உட்கார்ந்தவள் இல்லை. மீஞ்சூர் ஸ்டேஷன் அருகே மாடியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் சுதா என் நாத்தனார். வரவேற்பில் இருந்த பெண் கல்யாணம் ஆகிப் போனதும், "அண்ணி, ஒரே ஒரு வாரம் வந்து உக்காருங்க" என்றாள். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. கடையோ, பேங்கோ, ஆஸ்பத்திரியோ, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரார் கோபத்தை முதல் ஆளாக வாங்கிக்கொள்கிற என் இனமே, இது உங்களுக்காக.

கிரயான் சமாச்சாரம் சுதாவின் ஏற்பாடு. "பயமா இருக்கா?" என்று கேட்டால் எந்தக் குழந்தை உண்மை சொல்லும்? பையன்கள் இல்லை என்பார்கள், பெண் குழந்தைகள் அம்மா புடவைக்குள் போய்விடுவார்கள். அதனால் உள்ளே அனுப்புவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, பல் டாக்டரிடம் வந்திருக்கும் ஓர் ஆளை வரையச் சொல்ல வேண்டும். ஆள் பெரிதா சிறிதா, தாளின் நடுவிலா மூலையிலா, முகம் எப்படி, என்ன நிறம், எதை விட்டுவிட்டது, எந்தக் கருவியைப் பூதம் மாதிரி போட்டிருக்கிறது என்றெல்லாம் சுதா பார்ப்பாள். பார்த்துவிட்டு இன்றைக்கே வேலையை ஆரம்பிக்கலாமா, இல்லை சேரில் மேலும் கீழும் ஒரு ரவுண்டு ஏற்றி இறக்கிவிட்டு அனுப்பலாமா என்று முடிவு செய்வாள்.

"இது ஜோசியம் இல்ல அண்ணி. படத்தப் பாத்துட்டு அந்தப் புள்ளைகிட்டயே இது இன்னதுன்னு கேக்கணும். கேக்காம நாமளே கதை கட்டக்கூடாது" என்று முதல் நாளே சொன்னாள். நாத்தனார் சொல்லும் அறிவுரையை ஓர் அண்ணி எப்படி எடுத்துக்கொள்வாளோ, அப்படி எடுத்துக்கொண்டேன்.

பிடி

மேற்படி அத்திப்பட்டு அப்பா கத்தி முடிப்பதற்குள் அவர் மகன் படத்தை முடித்துவிட்டான். தாள் முழுக்க ஒரே ஒரு கை. முருங்கைக்காய் மாதிரி ஐந்து விரல்கள். அந்தக் கைக்குள் கடுகளவில் ஒரு பையன். டாக்டர் இல்லை, சேர் இல்லை, பல்கூட இல்லை.

நான் ஒரு வார்த்தை பேசாமல் தாளை அப்பா பக்கம் திருப்பி வைத்தேன். (வார்த்தை பேசாமல் நான் செய்த காரியங்கள் மிகக் குறைவு. குறித்துக்கொள்ளுங்கள்.) அவர் படத்தைப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து தன் கையைப் பார்த்தார். மாடிப்படி ஏறியதிலிருந்து மகனின் மணிக்கட்டை விடவே இல்லை. பையன் இன்னொரு கையால்தான் வரைந்திருக்கிறான். சட்டென்று விட்டார். பிடித்த இடம் வெளுத்துப் போயிருந்தது.

"இன்னாடா, அவ்ளோ இறுக்கியா புடிச்சினு கீறேன்?"

மலை இல்லாத ஊரில் மலை

நம் பிள்ளைகள் கையில் தாளைக் கொடுத்து எதை வரையச் சொன்னாலும் முதலில் வருவது இரண்டு முக்கோண மலை, நடுவில் கண் இமை முளைத்த சூரியன். அங்கிருந்து ஓர் ஆறு இறங்கும். கரையில் குடிசை, தென்னைமரம், வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலு பறவை. மீஞ்சூரில் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் புகைபோக்கியும் கரண்ட் டவரும் கன்டெய்னர் லாரியும் தெரியுமே தவிர, மலை தெரியாது. ஆனாலும் மலைதான்.

பொன்னேரியிலிருந்து வந்த ஓர் இரண்டாம் வகுப்புப் பையன் இதை அச்சடித்த மாதிரி போட்டுக் கொடுத்தான். சூரியனுக்குச் சிரிப்பு வேறு. சிரிக்கிற சூரியன் போடுகிறவனுக்கு என்ன பயம்? சிவப்பு மையில் 'பயமில்லை. வெரி குட்' என்று எழுதி, ஒரு ஸ்டாரும் போட்டு உள்ளே அனுப்பினேன். சுதா நம்பி விரலை வைத்தாள். அவன் கடித்தான். அவள் போட்ட சத்தம் பிளாட்பாரத்தில் கேட்டிருக்கும்.

வெளியே வந்த அவன் அம்மாவிடம், "படத்துல சூரியன் அவ்வளவு அழகா சிரிக்குதே, அப்புறம் ஏன் கடிச்சான்?" என்று அதட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அவன் எது கேட்டாலும் அதத்தான் மேடம் போடுவான். ஸ்கூல்ல 'என் அம்மா' வரையச் சொன்னாங்க, அதுக்கும் ரெண்டு மலை போட்டு வெச்சிட்டு வந்தான்."

எல்லாம் சிவப்பு

அதன் பிறகு என் உத்தரவு கறாரானது. "மலை கூடாது, சூரியன் கூடாது, குடிசை கூடாது. ஆள். ஒரு ஆள்." உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து ஒரு குட்டிப் பையன் ஆளைத்தான் வரைந்தான். ஆளும் சிவப்பு, சேரும் சிவப்பு, தரையும் சிவப்பு. ரத்தம் தவிர வேறு என்ன? தாளைத் தூக்கிக்கொண்டு சுதாவின் அறைக்குள் ஓடினேன். பாதி வேலையில் இருந்தவள் மாஸ்க்குக்கு மேல் கண்ணை மட்டும் உருட்டிவிட்டு, வெளியே வந்து அவன் பக்கத்தில் குந்தி, "ஏன் கண்ணு எல்லாம் செவப்பு?" என்று கேட்டாள். அவன் பக்கத்து நாற்காலியில் கிரயான் டப்பாவை மடியில் வைத்துப் பொத்திக்கொண்டிருந்த அக்காவைக் கைகாட்டினான்.

"அது செவப்பு மட்டுந்தான் குடுத்துச்சி."

பெல்ட்

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பாவுக்கு அங்கே தொழிற்சாலைகளில் கூரை ஷீட் மாற்றுகிற வேலை. பையன் வரைந்த படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். சேரில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புப் பட்டை. தொடையில் இரண்டு பட்டை. தலையில் ஏதோ சட்டி கவிழ்த்திருக்கிறது. பட்டையின் நுனியிலிருந்து ஒரு கயிறு போய் மேலே கொக்கியில் மாட்டியிருக்கிறது.

"சுதா, இன்னிக்கு இவனைத் தொடாதே. குழந்தை கட்டிப்போட்டுச் சித்திரவதைன்னு நினைச்சிருக்கான்" என்றேன். இந்த முறை நான் சொன்னது தப்பாக இருக்க வாய்ப்பே இல்லை. கிண்டர்கார்டன் குழந்தைகூடப் பார்த்துச் சொல்லும்.

சுதா வழக்கம்போல் கேட்டாள். அவன் பொறுமையாக விளக்கினான். மேலே ஏறும்போது அவன் நைனா இதெல்லாம் மாட்டிக்கொள்வாராம், மாட்டினால் ஒன்றும் ஆகாதாம், தலையில் இருப்பது ஹெல்மெட்டாம். பயமில்லாமல் உட்கார்ந்திருக்கிற ஆளை அவன் வரைந்திருக்கிறான். நாங்கள்தான் அந்த அளவுக்கு உயரவில்லை. சேரில் தானாக ஏறி உட்கார்ந்து, இடுப்பின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, சுதாவை முறைத்தான்.

"இன்னா ஆன்ட்டி, இவ்ளோ பெரிய சேரு, ஒரு பெல்ட் கெடையாதா? எங்க நைனா பாத்தா வேலைய நிறுத்திடும்."

நிசப்தம்

சாயங்காலம் எங்கள் வரவேற்பறையைப் பார்த்திருக்கிறீர்களா? கீழே டிரெயின், நடுவில் மிக்சர் பாக்கெட், மேலே ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு வீடியோ. உள்ளே மிஷின் கொர்ரென்று சுற்றும். குழந்தைகள் நாற்காலிக்கு நாற்காலி தாண்டும். முதல் நாள் கெஞ்சிப் பார்த்தேன். எனக்குக் கெஞ்ச வராது.

எங்கள் கான்வென்ட்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். குரலே உயராது. ஆள்காட்டி விரலைத் தூக்கித் தன் உதட்டின் குறுக்கே வைப்பார். பிரேயர் ஹால் முழுக்க விரல் ஏறும், சத்தம் இறங்கும். அதை அப்படியே மீஞ்சூருக்குக் கொண்டுவந்தேன். எழுந்து நின்று, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, "வாய் மேல விரல்!" என்றேன். பாருங்கள், நம் மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கும் இது ரத்தத்தில் இருக்கிறது. குழந்தைகள் மட்டுமில்லை. காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர், மலை மாதிரி ஆள், கடைவாய் வீங்கி உட்கார்ந்திருந்தார். அவரும் விரலை வைத்துவிட்டார். உதடு இருக்கும் இடம் தேடித்தான் வைக்க வேண்டியிருந்தது, ஆனாலும் வைத்தார்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். ஒருத்தருக்காவது நன்றி உண்டா? சுதா கதவிடுக்கில் தலையை நீட்டினாள்.

"அண்ணி, நீங்க மூட வெச்சு அனுப்புறத நான் தொறக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போகுது."

நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் அதை ஜோக் என்று நினைத்தோம்.

மூலையில் ஓர் ஆள்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து மோனிஷா வந்தது அந்தச் சமயத்தில்தான். முதல் வகுப்பு. அம்மா இறால் விற்கிறவர். குழந்தையின் கன்னத்தில் எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்த மாதிரி வீக்கம். கீழ்க் கடைவாய்ப் பல் சீழ் பிடித்திருந்தது. நான் விரல் என்றதும் விரல் வைத்தாள். மற்ற வாண்டுகள் நான் உட்காருவதற்குள் எடுத்துவிடுவார்கள்; இவள் எடுக்கவே இல்லை. வரைகிற போதும் ஒரு கை வாயில்தான். "குட் கேர்ள்" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். தாளின் அடி மூலையில் எறும்பளவு ஓர் ஆளைப் போட்டாள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு கோடு. அந்த வாரத்தில் மற்ற பிள்ளைகள் போட்ட படங்களிலும் அந்தக் கோட்டைப் பார்த்திருந்தேன். ஊசி என்று எனக்குத் தெரியாதா?

உள்ளே போய்ச் சேரில் தானாகவே ஏறினாள். அழவில்லை. வாயை மட்டும் திறக்கவில்லை. விரல் உதட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுதா கண்ணாடியைக் காட்டினாள், பொம்மைக்குப் பல் தேய்த்துக் காட்டினாள், தன் வாயையே திறந்து காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. வீக்கம் வடிய மருந்து கொடுத்து அனுப்பினாள். அடுத்த முறையும் அதே மூலை, அதே எறும்பு, அதே கோடு, அதே விரல். அம்மாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. "ஊட்ல வாய் ஓயாது மேடம் இதுக்கு. நாலு பேரு கையக் காலப் புடிங்க, தொறந்துடுவா" என்றார். எனக்கும் அதே யோசனைதான். நான் காலைப் பிடிக்கத் தயாராகக் கொண்டையை இறுக்கிக்கொண்டேன். சுதா கையுறையைக் கழற்றிவிட்டாள்.

"புடிச்சா இன்னிக்கு வேலை முடியும்மா. அப்புறம் ஜென்மத்துக்கும் இவ எந்த டாக்டர்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டா."

முழுசாவா?

மூன்றாவது முறை வந்தபோது கன்னம் மறுபடியும் வீங்கி, கண்ணுக்குக் கீழே வரை போயிருந்தது. குழந்தை சரியாகச் சாப்பிட்டுத் தூங்கி நாளாகிவிட்டதாம். சுதா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, மருந்தை நம்பி இனிமேலும் தள்ள முடியாது, இன்றைக்கும் திறக்கவில்லை என்றால் சென்னைக்கு அனுப்பி, முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்றாள். அந்த அம்மா இறால் கூடையைக் கீழே வைத்துவிட்டார். "மயக்கமா? ஒரு பல்லுக்கா? எழுந்துக்குவாளா மேடம்?" என்று சுதாவை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார். எழுந்துவிடுவாள் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

இந்த முறை மோனிஷா தாள் முழுக்க வரைந்தாள். நடுவில் ஒரு ராட்சசப் பெண்மணி. உச்சியில் பூசணிக்காய் மாதிரி கொண்டை, சைக்கிள் சக்கரம் மாதிரி கண்ணாடி, விறைப்பாகத் தூக்கிய ஒரு விரல். சுற்றிலும் எறும்பு எறும்பாக ஆட்கள், எல்லார் வாயிலும் கோடு. எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "பாத்தியா சுதா, குழந்தைக்கு உன்னைக் கண்டுதான் பயம். எத்தனை தடவை சொன்னேன், அந்த மாஸ்க்கைக் கழட்டிட்டுச் சிரிச்சுப் பேசுன்னு" என்றேன்.

சுதா படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். சுதா கண்ணாடி போடுவதில்லை. தலைமுடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டு எத்தனையோ காலம் ஆகிறது. மோனிஷா பக்கத்தில் குந்தி, "இது யாரு கண்ணு?" என்றாள். குழந்தை சும்மா இருந்த கையால் என்னைக் காட்டியது. "இந்தக் கோடு?" உதட்டிலிருந்த விரலை லேசாக அசைத்துக் காட்டியது. "விரலா? எல்லாரும் ஏன் விரல் வெச்சிருக்காங்க?" விரலை எடுக்காமலே, விரலுக்குப் பின்னாலிருந்து சன்னமாகப் பதில் வந்தது: "ஆன்ட்டி எடுக்கச் சொல்லல."

எங்கள் கான்வென்ட் சிஸ்டர் மணி அடித்து விரலை இறக்கச் சொல்லுவார். அந்தப் பாதியை நான் மீஞ்சூருக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன். "பயமும் இருந்திருக்கும் அண்ணி, அது வேற. ஆனா பூட்டு உங்களுது" என்றாள் சுதா, தேவையில்லாமல். அவளோடு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். கண்ணாடியைக் கழற்றி ஜாக்கெட்டில் செருகினேன். குந்தி உட்காருவது என் முழங்காலுக்கு ஆகாது, உட்கார்ந்தேன். "எடு கண்ணு. இனிமே விரல் வேண்டாம். டாக்டர்கிட்ட போய் வாயைத் தொற" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு மிஸ் சொன்ன வார்த்தையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அவளுக்கு நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"முழுசாவா?"

சுவரில்

முழுசாகத்தான் திறந்தாள். மரத்துப்போக ஊசி போட்டபோது அழுதாள், அதுவும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே. சுதா பல்லைத் திறந்து சீழை வெளியேற்றினாள். வாசலில் நின்று மூன்று தடவை, "இன்னும் தொறந்தே வை, இன்னும் தொறந்தே வை" என்று நான் குரல் கொடுத்ததும் உதவிதான், சுதா என்ன சொன்னாலும். அன்றைக்குச் சாயங்காலம் அந்த அம்மா போன் செய்து, மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள் என்றார்.

விரல் உத்தரவு ஒழிந்தது. இப்போது நான் படங்களில் சிவப்பு மையைத் தொடுவதில்லை, குந்த முடியாததால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இது இன்னது கண்ணு?" என்று கேட்கிறேன். எல்லாம் சரி. சுதா மட்டும் மோனிஷாவிடம் அனுமதி வாங்கி, அந்த ராட்சசியை என் மேஜைக்கு நேர் எதிர்ச் சுவரில் செலோடேப் போட்டு ஒட்டிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாம் படத்தைப் பார்ப்பது, என் கொண்டையைப் பார்ப்பது, மறுபடி படத்தைப் பார்ப்பது.

பல்லுக்குக் கேப் போட மோனிஷா வந்த அன்று அறை நிரம்பியிருந்தது. அத்திப்பட்டு அப்பாவும் இருந்தார், மகனின் கையைப் பிடிக்காமல். மோனிஷா வந்ததும் வராததுமாகத் தன் படத்தைப் பார்த்துவிட்டு, எனக்கென்று போட்டிருந்த ஸ்டூலில் ஏறி நின்றாள். நான் அறையைப் பார்த்து நியாயம் கேட்டேன்: "நீங்களே சொல்லுங்க, அது என்னை மாதிரியா இருக்கு?" ஒருவர் வாயெடுப்பதற்குள் ஸ்டூலிலிருந்து, என் குரலிலேயே, உத்தரவு வந்தது.

"வாய் மேல விரல்!"

குழந்தைகள் வைத்தார்கள், அம்மாக்கள் வைத்தார்கள், அத்திப்பட்டு அப்பா வைத்தார், கதவிடுக்கில் சுதா மாஸ்க்கின் மேலேயே வைத்தாள். இத்தனை காலம் இந்த அறையில் வாய்களை மூட வைக்கத் தொண்டை கிழிந்தவள், இப்போது "அது நான் இல்லைன்னு ஒருத்தராவது வாயைத் தொறந்து சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.